அவனுக்காக ருசி பார்த்த வருஷங்கள்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு சைவ ஓட்டலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு நகரிப் பக்கம், அவனுக்குக் குடுபல்லி; இரண்டும் ஆந்திர எல்லையில் தமிழும் புழங்குகிற ஊர்கள். அவன் மாவாட்டப் போனான், நான் மேஜை துடைக்கப் போனேன். நாள் முழுக்கத் தெலுங்கில் பேசிவிட்டு, சாப்பிட உட்காரும்போது மட்டும் தமிழில் பேசிக்கொள்வோம். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் தலைமை மாஸ்டர் ஆனான். நான் சப்ளையராகி, பிறகு சூப்பர்வைசரானேன். அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் பெங்களூரில் ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு வந்தார். மாடியில் ஏசி ஹால் வந்தது. வடநாட்டு யாத்ரிகர்களுக்காக ரொட்டியும் பன்னீரும் மெனுவில் ஏறின. அவன் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்து "செஃப்" என்றார்கள். எனக்கு டை கட்டி "மேனேஜர்" என்றார்கள். ஓட்டல் என்று சொல்லாதீர்கள், ரெஸ்டாரன்ட் என்று சொல்லுங்கள் என்றார் சின்ன முதலாளி. சொன்னோம்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. வேலைக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டான்.

"எனக்கு வாசன தெரியல. ருசியும் தெரியல. சாம்பார வாயில வுட்டா வெந்நி மாதிரி கீது."

"டாக்டரப் பாத்தியா?"

"வேலூர் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். நரம்பு போச்சாம், வராதாம். யார்கிட்டயும் சொல்லாதப்பா. நாக்கு போன சமையல்காரன எவன் வச்சிக்குவான்?"

சொல்லவில்லை. அன்றிலிருந்து காலையும் பதினொரு மணிக்கும் நான் சமையலறைக்குள் போவேன். மேனேஜர் வருவதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு கரண்டி வாங்கிக் குடிப்பேன். உப்பு குறைந்தால் காதைத் தொடுவேன். புளி தூக்கலாக இருந்தால் டையைச் சரி செய்வேன். அவன் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு உப்புக்கோ வெல்லத்துக்கோ கையை நீட்டுவான். இப்படி மூன்று வருஷம் ஓடியது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடச் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை.

பிறகு மஸ்கட்டில் ஓர் ஓட்டலுக்கு ஆள் எடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் ஏஜென்ட் வந்தார். செஃப் ஒருவர், ஹாலுக்கு மேனேஜர் ஒருவர் என்று கேட்டார். சேர்ந்து போவோம் என்று இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். எங்கள் சமையலறையிலேயே அவனைச் சமைக்கச் சொன்னார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டு இரண்டு தடவை காதைத் தொட்டேன். தேறிவிட்டான். என்னை உட்கார வைத்து இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசினார்கள். போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஹாலுக்குத் திரும்பி ஆறாம் நம்பர் மேஜைக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னேன். வீட்டில் சொன்னபோது, "கோவமாவது படக்கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

மறுநாள் அவன் சொன்னான். "நீ வரலன்னா நானும் போவல. அங்க யாரு எனக்கு ருசி பாப்பாங்க?"

"போ. யாராவது கெடைப்பாங்க" என்றேன்.

யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் நல்லதுக்காகச் சொன்னேனா, இனி அந்தக் கரண்டியைத் தூக்க வேண்டாம் என்று சொன்னேனா? யோசித்துப் பார்த்திருக்கிறேன். புரிந்ததில்லை. ரேணிகுண்டாவில் அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்து, சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்கு நின்றேன்.

புதிதாக வந்த செஃப் உடுப்பிக்காரர். பழக்கத்தில் நான் பதினொரு மணிக்கு உள்ளே போய்க் கரண்டியை எடுத்தேன். "என் மேல சந்தேகமா சார்?" என்றார். அதன் பிறகு போவதை நிறுத்திவிட்டேன்.

நாலாம் மாதம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"நாக்கு போனத நானே சொல்ட்டேன்பா. ஒரு கல்யாண ஆர்டர்ல உப்பு ரெண்டு தரம் உழுந்துபோச்சு. தொப்பியக் கயட்டிட்டு, காய் வெட்டுற எடத்துல போட்டுட்டாங்க."

"திரும்பி வந்துடேன்."

"வந்து இன்னா செய்ய? காய் நல்லாத்தான் வெட்டுறேன். வெங்காயம் கண்ணுக்கு மட்டும் தெரியுது."

பதினொரு வருஷம் அங்கே காய் வெட்டினான். பெண்ணைக் கட்டிக் கொடுத்தான், ஊரில் வீடு கட்டினான். நான் அதே ஓட்டல் வாசலில் நின்று நாலு பாஷையில் வணக்கம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது, மலைக்குப் போய்விட்டு மனைவியோடு சாப்பிட வந்தான். இருவருக்கும் தலை மொட்டை. நானே பரிமாறினேன். அவன் சாப்பிட்டு முடித்ததும், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, "சாப்பாடு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் ஏப்பம் விட்டு, "சூடா இருந்திச்சு" என்றான்.

பஸ் வரைக்கும் கூடப் போனேன். இப்போது குடுபல்லியில் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறான். பண்டிகைக்குப் போன் செய்வான். நான் போன வருஷம் ஓய்வு பெற்றேன். காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. டீ குடிக்கக் கடைத்தெருவரை நடக்கிறேன்.