பைண்டிங்குக்குப் போன அறிக்கை

பெரிய மின் நிலையம் ஒன்று கட்டுவதானால், அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும். அந்த முப்பது நாளுக்குள் யாரும் போய்ப் புரட்டலாம்; எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

இது சட்டம். நல்ல சட்டம். காலமெல்லாம் அரச கதிரையில் இருந்தவன் சொல்கிறேன் – இதைவிட நல்ல சட்டங்கள் பூட்டிய அலுமாரிக்குள் கிடந்து மூச்சடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் துறைமுகக் கரையில், ஊரைப் பார்த்தபடி, இயற்கை எரிவாயு மின் நிலையம் ஒன்று கட்டப்போவதாக அறிவித்தல் வந்தது. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். மின்வெட்டுக் காலத்தில் கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தவனுக்கு மின் நிலையத்தின் மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

மடித்ததை விரிக்க வைத்தவர் மலர்.

மலர் கப்பல்துறைக் கிராமத்துப் பக்கத்தவர். உள்துறைமுகத்தின் ஆழமில்லாத ஒரு மூலையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றுக்குள் கிடக்கும் மட்டிச் சிப்பி எடுப்பவர். கிழமையில் இரண்டு நாள் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் படலையைத் தட்டுவார். அன்றும் வந்தார். மட்டியை அளந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஐயா, நீங்கள் கந்தோரில பெரியாளா இருந்தனீங்கள்தானே. ஒண்டு கேக்கட்டே? காஸில கரண்ட் எடுத்தா கடல் தண்ணி சூடாகுமாம். மெய்யோ?"

"காஸை எரிக்கிறதுக்குக் கடல் தண்ணி என்னத்துக்கு?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ. ஆரும் பென்சனை வெட்ட மாட்டினம்."

மலர் சிரிக்கவில்லை. "தண்ணி சூடானா மட்டி நிக்காது ஐயா. எனக்கு வேற தொழிலும் தெரியாது. அந்தச் சுடுதண்ணி எந்த இடத்தில வந்து விழும் எண்டு தெரிஞ்சாக் காணும்."

எந்த இடத்தில்? எனக்கு அது தோன்றவேயில்லை.

இப்படியான மின் நிலையங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தேன். மனைவி சொன்னது சரி, எனக்குத் தெரியாது. எரிவாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுற்றுகிறார்கள். வெளியே வரும் சூட்டை வீணாக்காமல் நீராவியாக்கி இன்னொன்றையும் சுற்றுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த நீராவியைக் குளிர்விக்க வேண்டுமே... கடல் பக்கத்தில் இருந்தால் கடல் நீரை உறிஞ்சி, கொஞ்சம் சூடாகத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு வழியாம். மீன் நீந்திப் போய்விடும். மட்டி எங்கே போகும்?

ஆர்வம் தாங்காமல் மலரோடு கரைக்குப் போனேன். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நின்றேன். மலர் கண்ணால் தேடுவதில்லை. பாதத்தால் சேற்றைத் தடவித் தடவி நடக்கிறார், குனிகிறார், கையில் மட்டி.

"சித்திரை வெயிலுக்கு இது இன்னும் கீழ போயிடும் ஐயா. அப்ப காலுக்குத் தட்டுப்படாது, கையாலதான் தோண்டவேணும். வெயிலுக்கே இந்தப் பாடு. நாள் முழுக்கச் சுடுதண்ணி வந்தா இன்னும் எவ்வளவு கீழ போறது? அங்கால கல்லெல்லோ?"

சேற்றுக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் கல் இருக்கிறது என்பது அந்தக் காலுக்குத் தெரியும். அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியுமா? தெரியப்படுத்தத்தானே அந்த முப்பது நாள்.

அறிவித்தல் வந்த ஒன்பதாம் நாள், அறிக்கை வைக்கப்பட்டிருந்த அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே இர்பான் என்ற உத்தியோகத்தர், மூதூர்ப் பொடியன், ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பழகியவர். எழுந்து நின்று கதிரை போட்டார்.

"அறிக்கை பைண்டிங்குக்குப் போயிருக்கு சேர்."

"தம்பி, அது பார்வைக்கு வைக்கிற சாமான்."

"ஓம் சேர். பார்வைக்கு வைக்க முதல் தைச்சுக் கட்டி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தணும். சுற்றுநிருபம் இருக்கு."

"தமிழ்ப் பிரதி போகட்டும். மற்ற ரெண்டு மொழியிலயும் இருக்குமே?"

"மூண்டும் போயிட்டு சேர். ஒரு மொழிக்குப் பாரபட்சம் காட்டக் கூடாதாம். அதுவும் அதிலதான் இருக்கு."

"எந்த மடையன் எழுதின சுற்றுநிருபம்?"

இர்பான் ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. என்னுடையது.

முன்பொருமுறை பார்வைக்கு வைத்த காணி அறிக்கை ஒன்றிலிருந்து யாரோ வரைபடத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் எழுதியது. ஐந்தாம் பந்தி இன்னும் விசேஷம்: 'கருத்துத் தெரிவிப்போர் உரிய பக்க எண்ணைக் குறிப்பிடுதல் வேண்டும். குறிப்பிடாதவை கவனத்தில் எடுக்கப்படமாட்டா.' என்ன இறுக்கமான வசனம்... ஓர் ஓட்டை இல்லை. நானே தேடினேன்.

"இதைத் தளர்த்த ஏலாதோ தம்பி?"

"போட்ட பதவிதான் தளர்த்தணும் சேர். நீங்க பென்சனில போன பிறகு அந்தக் கதிரைக்கு இன்னும் ஆள் வரல்ல."

பத்தாம் நாள் அதே அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் அனுப்பினேன். அறிக்கை எப்போது பார்வைக்கு வரும், கால எல்லையை நீடிப்பீர்களா என்பது ஒன்று. மட்டி, சேறு, சித்திரை வெயில், கல் – எல்லாவற்றையும் மலர் சொல்லச் சொல்ல எழுதி, அவரே கையொப்பமிட்டது மற்றது. பக்க எண் என்ற இடத்தில் 'பைண்டிங்கில் உள்ளது' என்று நிரப்பினேன். மலருடைய கடிதம் நாலு நாளில் திரும்பி வந்தது, ஐந்தாம் பந்தியை மேற்கோள் காட்டி. என்னுடையதற்குப் பதில் இல்லை.

அதன் பிறகு மலர் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "மறுமொழி வந்திட்டுதோ ஐயா?"

"இன்னும் இல்லை."

"நீங்கள் எழுதியுமோ?"

நான் எழுதியதால்தான் என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் சொல்லிவிட்டேன். "அப்ப நல்லா வேலை செய்திருக்கிறியள்" என்றார் மலர். அன்றைக்கு அளந்த மட்டியில் ஒன்றும் குறைக்கவில்லை. வழக்கமாகப் போடும் கொசுறை மட்டும் போடவில்லை.

கடைசியில் பதில் வந்தது. அறிக்கை தயாராம், அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாமாம். அன்றே மலரையும் கூட்டிக்கொண்டு போனேன். பைண்டிங் என்றால் பைண்டிங். சிவப்புத் துணி, பொன் எழுத்து, ஒரு பக்கத்தையும் யாராலும் கிழிக்க ஏலாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வரைபடம். கரையிலிருந்து ஓர் அம்புக்குறி கடலுக்குள் இறங்கியது.

மலர் அம்பின் நுனியில் விரலை வைத்தார். "இதிலதான் ஐயா நான் நிக்கிறனான்."

மலருடைய கடிதத்தைத் திரும்ப எழுதினோம். இந்தமுறை பக்க எண் போட்டு, ஐந்தாம் பந்தி கேட்டபடி. இர்பான் இரு கையாலும் வாங்கினார். பெறப்பட்ட திகதி முத்திரையை எடுத்தார். குத்தாமல் என்னைப் பார்த்தார்.

எனக்குப் பதில் வந்த அன்று முப்பத்தோராம் நாள்.