இனி நீயாக்கும் அவள்

"சரி, இனி நீயாக்கும் அவள். அவளாயிட்டு சொல்லு, கேக்கட்டும்" என்று காமாக்ஷி டீச்சர் சொன்னால், மட்டாஞ்சேரியின் அந்த ஏழாம் வகுப்பில் வழக்கு தொடங்கிவிட்டது என்று பொருள். சண்டை போட்ட இருவரும் முன்னால் வர வேண்டும். ஒருவர் மற்றவராக மாறி, 'நான்' என்று ஆரம்பித்து, அவர் தரப்பைப் பேச வேண்டும். தீர்ப்பு கிடையாது. பேசி முடிப்பதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

சமூக அறிவியல் ஆசிரியை. ஐம்பத்திரண்டு வயது. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார், குரல் தாழ்ந்துவிடும். ஏனென்று கேட்டால், "ஒச்சை வெச்சா நியாயம் எறங்கி ஓடிடும், கேட்டியா" என்பார். சமத்துவம் பற்றிய பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் நடத்துவார்.

இந்த ஜூலையில் ஒரு வழக்கு வந்தது. அமுதவள்ளி தேனிப் பக்கத்துப் பெண். அம்மா ஜூ டவுன் தெருவில் ஒரு மசாலாக் கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கிறாள். பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த தன்யா பையை இழுத்துக்கொண்டு, "மாறி இரிக்கெடி, பாண்டி" என்று தள்ளி உட்காரச் சொன்னாள். பாண்டி, தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் சொல்.

அமுதவள்ளியாக மாறிய தன்யா அருமையாகப் பேசினாள். சுக்குத் தூசியில் அம்மா இருமுவதை இருமியே காட்டினாள். வகுப்பு கைதட்டியது. டீச்சருக்கும் மனம் நிறைந்தது.

"இனி நீ தன்யாவாயிட்டு சொல்லு."

அமுதவள்ளி தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டாம் முறை கேட்டதும் தமிழில் சொன்னாள்:

"எனக்கு எதுக்கு டீச்சர் அது? அவ என்ன நெனைக்கிறான்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுல, கடையில, தெனமும் அதைத்தானே பாக்குறேன். எங்கம்மாவுக்கு இருமலே கெடையாது. அவளா சொல்லிக்கிட்டா. எல்லாரும் கை தட்டுறீங்க."

 டீச்சர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். குரல் தாழ்ந்துபோயிருந்தது. இந்த முறை கோபம் யார் மேல் என்று வகுப்புக்குப் புரியவில்லை.

"நீ சொன்னதாக்கும் சரி. நான் கேட்டது தப்பு. உன்னோடதை மட்டும் சொல்லு."

"இவ மட்டும் இல்ல டீச்சர்" என்றாள் அமுதவள்ளி. "போன வாரம் சாக்பீஸ் எடுக்க டீச்சருங்க ரூமுக்கு வந்தேன். ஒரு டீச்சர் என்னைப் பாத்துட்டு அதே பேரைச் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

யார் என்று வகுப்பில் யாரோ கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

அன்று சிரித்தவர்களில் காமாக்ஷி டீச்சரும் ஒருவர். அந்தச் சொல் தன்னையும் சேர்க்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, தப்பு செய்த பிள்ளை நிற்பதுபோல, அவர் கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.