வரிசையில் நின்ற பைகள்

மெல்பேணிலிருந்து இரண்டு மணித்தியாலம் காரோடிப் போய், புதுப்பித்துப் பார்வையாளருக்கு ஓட்டிக் காட்டும் பழைய மாவு மில்லுக்குள் அம்மாவோடு நுழைந்ததும், சூடான மாவும் எண்ணெயும் கலந்த அந்த வாசம் என்னை எங்கள் ஊர் மில்லுக்குக் கொண்டுபோனது. அங்கே பெல்ட் ஓடும் சத்தத்துக்கும் மிளகாய்த்தூளின் கமறலுக்கும் நடுவே, ஆட்களுக்குப் பதிலாகப் பைகள்தான் வரிசையில் நிற்கும்; வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வந்தாலும் யாரும் முந்தமாட்டார்கள். போரில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய அன்றும் எங்கள் அரிசிப்பை அங்கே கடைசியாக நின்றது. பிறகு அந்த மில்லே இல்லை.

இங்கே காட்சிக்கு வரிசையாகச் சாக்குகள் வைத்திருந்தார்கள். அம்மா தன் கைப்பையைக் கடைசிச் சாக்குக்குப் பின்னால் வைத்தார்.

“ஏனம்மா இதிலை வைக்கிறியள்?”

“கால் உளையுது. வெளியிலை இருக்கிறன். எங்கடை முறை வந்தாக் கூப்பிடு, பிள்ளை.”