முதல் பாட்டிலைத் திறக்கும் கை

நான் ஒரு வடிகட்டின மடையன். நம்பாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம்ம டீமின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு, நம்ம டீம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். அதுவும் பிள்ளையாரிடம். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவரே சந்தேகப்பட்டிருப்பார்.

காரணம் ஒரு கரண்டி.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கல்லூரியில் என்னோடு படித்தவனின் சொந்த வீடு. மேட்ச் நாளில் மொட்டை மாடியின் தகர ஷெட்டுக்கு டிவியை ஏற்றிவிடுவான். பம்மலிலிருந்து நான் போவேன். ஏர்போர்ட் கார்கோவில் வேலை பார்க்கும் இன்னொரு நண்பன் வருவான். மூவருக்கும் டீம் ஒன்றுதான், பீர்தான் ஒத்துவராது. வீட்டுக்காரன் பீரில் ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பான். இதை வெளியே சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கார்கோக்காரனுக்கு லைட் பீர், அதிலும் ஒரே பாட்டிலை மேட்ச் முழுக்க இழுப்பான். நான் ஸ்ட்ராங். "லைட்டெல்லாம் ஜுரம் வந்தவனுக்குக் குடுக்குற பார்லித் தண்ணிடா" என்று வாரம் தவறாமல் சொல்வேன். ஸ்ட்ராங் குடித்தால் எனக்கு மறுநாள் மதியம் வரை மண்டை இடிக்கும் என்பது வேறு விஷயம். அதை அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு. முதல் பந்து விழும்போது முதல் பாட்டில் திறக்க வேண்டும். கரண்டிக் காம்பால்தான். வீட்டில் ஓப்பனர் இருக்கிறது. ஆனால் அதால் திறந்தால் நம்ம பக்கம் விக்கெட் விழும் என்று பல தோல்விகளுக்குப் பிறகு கண்டுபிடித்திருந்தோம். கரண்டி என் கையில். விரலை முட்டுக் கொடுத்து ஓர் அழுத்து அழுத்தினால் 'டப்' என்று மூடி எகிறி, தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் விழும். ஆபீசில் நான் பேசினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீட்டில் ரிமோட் என் கைக்கு வருவதில்லை. அந்த ஒரு நிமிடம் மட்டும் இரண்டு வளர்ந்த ஆண்கள் டிவியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பார்ப்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த சீசனில் வீட்டுக்காரனின் கீழ் போர்ஷனுக்கு ஒருவன் குடிவந்தான். பெங்களூரில் வேலை பார்த்தவன். என்னைவிட ஒரு வயது சின்னவனாக இருந்தால் அதிகம். முதல் நாளே 'அண்ணா' என்றான். அவன் தலையில் முடி இருந்தது, என் தலையில் இல்லை. மறுத்துப் பேச வழியில்லை.

மேட்ச் பார்க்க மாடிக்கு வரும்போதே கோதுமை பீர் கொண்டுவந்தான்.

"கோதுமைல சப்பாத்தி போடுவாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். வழக்கமாக இந்த மாதிரி ஒன்றுக்கு மாடியே குலுங்கும்.

"அரிசிலயும் பீர் போடுறாங்கண்ணா. சட்னி மட்டும்தான் தனியா வாங்கணும்" என்றான், ரொம்ப மரியாதையாக.

கார்கோக்காரனுக்குப் புரை ஏறியது. இத்தனை வருடத்தில் என் ஜோக்குக்கு அவனுக்கு ஒரு தடவைகூடப் புரை ஏறி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "மச்சான், ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்குதுடா!" ஐஸ் போட மறந்துவிட்டான். நான் எவ்வளவு கெஞ்சியும் ஐஸை விடாதவன்! எனக்கும் ஊற்றினார்கள். பிரமாதமாக இருந்தது.

"சோப்புத் தண்ணி" என்றேன்.

அன்று வழக்கம்போல் நான்தான் திறந்தேன், வழக்கம்போல் தோற்றோம். அடுத்த மேட்ச் அன்று மனைவி வழியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தப்பிக்க முடியவில்லை. பந்தி முடிந்து, வாயில் பீடாவோடு மண்டப வாசலில் நின்று போன் போட்டேன்.

"ஜெயிச்சாச்சு மச்சான்!" என்று கத்தினான் வீட்டுக்காரன். "நீ இல்லேல்ல, கரண்டிய நம்ம கீழ்வீட்டுத் தம்பிகிட்ட குடுத்தோம். இன்னா கைடா அது!"

"மூடி எங்க விழுந்துச்சு?"

"தொட்டியத் தாண்டி பக்கத்து வூட்டு மாடில."

ஜெயித்த சந்தோஷத்தில் பீடாவைத் துப்பினேன் என்று சொன்னால் அது பொய்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியான மேட்ச். எல்லாருக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று டாஸுக்கு முன்பே மாடி ஏறினேன், கையில் மசாலாக் கடலைப் பொட்டலத்தோடு. கீழ்வீட்டுத் தம்பி ஏற்கெனவே அங்கே இருந்தான். காலையில் கோவளம் போய், படகு வந்ததும் எறா வாங்கி, தானே வறுத்து எடுத்து வந்திருந்தான். என் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி கிடந்தது.

"அண்ணா, நீங்களே திறங்க. உங்க கரண்டியாமே" என்று நீட்டினான். நல்லவன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

நான் கையை நீட்டுவதற்குள் வீட்டுக்காரன் பாய்ந்தான். "வேணாம் வேணாம், ஜெயிச்ச கைய மாத்தக்கூடாது."

டப். மூடி எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பிள்ளையாரப்பா, இன்னிக்கு மட்டும் தோத்துடட்டும், கரண்டி திரும்பி வந்தா தேங்கா உடைக்கிறேன் என்றேன், மனசுக்குள்.

தேங்காய்க்கு மதிப்பு இருந்தது. நம்ம ஆட்கள் வரிசையாகப் போய், வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் வெளியே "ச்சே!" என்று தொடையில் தட்டினேன். உள்ளே புஸ்வாணம் கொளுத்தினேன். எறா வேறு அவ்வளவு ருசி. கார்கோக்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "என்னடா, விக்கெட் விழ விழ நல்லா சாப்பிடுறே?" என்றான்.

மேட்ச் முடிந்தது. மற்ற மூவரும் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்று தொண்டையைச் செருமினேன். "ஆனா திறக்கிற கைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

தம்பியின் முகம் வாடிவிட்டது. "சாரிண்ணா" என்று கரண்டியை என் பக்கம் நகர்த்தினான். என் விரல் அதைத் தொட்ட நேரத்தில் கார்கோக்காரன் வாயைத் திறந்தான்.

"இரு இரு. போன மேட்சும் இதே கைதானே திறந்துச்சு? இதே கரண்டி, இதே சேர். ஜெயிச்சோமே. அன்னிக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?"

மூன்று தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"இந்த சீசன்ல இவன் உக்காந்து பாத்த மேட்ச் எதையாவது ஜெயிச்சிருக்கோமா?" என்றான் வீட்டுக்காரன், என்னிடம் இல்லை, அவர்களிடம்.

எல்லாரும் யோசித்தார்கள். நானும் யோசித்தேன். எனக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை.

கரண்டியை அவன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, பிரிக்காத கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படி வரைக்கும் வீட்டுக்காரன் கூட வந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டேன்:

"அடுத்த மேட்சுக்கு எத்தனை மணிக்கு வரட்டும் மச்சான்?"

"முடிஞ்சப்புறம் வா."