வெள்ளி மைக்கு அடியில் ருவாண்டா

1. ராசிபலனுக்கு நடுவே

தொண்ணூறுகளின் பிற்பாதி. ராணுவ அரசு பல்கலைக்கழகத்தை மூடிப் போட்டிருந்தது. எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. யாங்கூனில் ஒரு பர்மிய மாதப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். முகப்பரு, கால்பந்து, ராசிபலன் என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் பர்மிய மொழியில் ஆக்கித் தர வேண்டும்.

பான்சொடான் தெரு நடைபாதைக் கடையில் ஒரு பழைய ஆங்கில இதழ் கிடைத்தது. ருவாண்டா இனப்படுகொலையின்போது அங்கே இருந்த சர்வதேச அமைதிப்படையைப் பற்றிய கட்டுரை. தளபதி கூடுதல் ஆள் கேட்டாராம். மேலிடம் இருந்த ஆட்களையும் குறைத்ததாம். நீலத் தொப்பி போட்ட அந்தப் படையினர் கையில் துப்பாக்கியோடு, சுட ஆர்டர் இல்லாமல் நின்றார்களாம்.

அதில் ஒரு பத்தி என்னை விடவில்லை. அந்த நாட்டு ரேடியோ ஒரு இனத்தாரைத் தினமும் கரப்பான்பூச்சி என்றது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்களே வெட்டுக்கத்தியோடு வந்தார்கள். இந்திய முகத்தைக் கண்டால் இங்கே இளக்காரமாக 'கலா' என்பார்கள். அதைக் கேட்டே வளர்ந்த தமிழன் நான். அந்தப் பத்தி அச்சில் வந்தால் போதும் என்றிருந்தது.

கட்டுரையைப் பர்மிய மொழியில் ஆக்கி, ஆசிரியர் ஊ டுன் மேஜையில் வைத்தேன்.

"ராசிபலன் எங்கப்பா?"

"நாளைக்குத் தர்றேன் சார். இதப் படிங்க, லட்சக்கணக்கில செத்திருக்காங்க."

"அந்த ஊர்ப் பத்திரிகையிலயும் ராசிபலன் வந்திருக்கும். எல்லா ராசிக்கும் நல்ல மாசம்னுதான் போட்டிருப்பான்."

ஆனால் கட்டுரையை எடுத்துக்கொண்டார்.

2. பிரஷ் பிடித்த நாள்

அந்தக் காலத்தில் அச்சடித்த பிறகுதான் இதழ் அரசுத் தணிக்கைக்குப் போகும். அதிகாரிக்குப் பிடிக்காததைக் கிழிக்க வேண்டும், அல்லது வெள்ளி மை பூசி மறைக்க வேண்டும். எல்லாப் பிரதியிலும், கையால்.

ஊ டுன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "அதிகாரிக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. வெளிநாட்டுக்காரன் வந்தாலும் ஒண்ணும் கிழிக்க மாட்டான்னு அழகா எழுதியிருக்கான்னு பாராட்டுறாரு."

"முழுசா விட்டுட்டாரா?"

"ஒரே ஒரு பத்தி தவிர."

அந்தக் கரப்பான்பூச்சிப் பத்திதான்.

"அப்ப பக்கத்தையே கிழிச்சிருவோம் சார்!"

"பின்பக்கம் ஷாம்பு விளம்பரம். உன் கோபத்துக்கு ஷாம்புக்காரனைக் கிழிக்கணுமா? பிரஷ்ஷை எடு."

பிழை திருத்தும் எஸ்தர் அக்கா, மிஷன் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து பூசினார்.

"ஏன் சுடல, ஏன் சுடலன்னு வாரம் பூரா கத்துனியே தம்பி. அந்தச் சிப்பாய்க்கு ஆர்டர் வரல, நின்னான். உனக்கு வந்துருச்சு, பூசுற. அதுலயும் கோட்டைத் தாண்டாம என்னா நேர்த்தி!"

சுருக்கென்றது. என் மை டப்பாவில் மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன்.

"மை தண்ணியா இருக்கே?"

"டப்பா பழசுக்கா."

அக்கா வாசலைப் பார்த்தார். "என் டப்பாவும் பழசுதான். இந்தா, ஊத்து."

மாலையில் ஊ டுன் வந்து ஒரு பிரதியை எடுத்தார். பிடிபட்டால் பத்திரிகையின் உரிமம் போய்விடும். அவர் ஜெயிலுக்கும் போகலாம். பக்கத்தைச் சாய்த்து, உற்றுப் பார்த்தார்.

"ஷாம்பு மேல சிந்தாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. மாரி அண்ணன் கடை

இதழ் வெளிவந்த வாரம், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மாரி அண்ணன் பெட்ரோலில் நனைத்த பஞ்சால் எங்கள் பத்திரிகையில் மை பூசிய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லேசா தொட்டாலே வந்துருது தம்பி. பூசுனவன் சரியான சோம்பேறி."

படித்தார். உதடு அசைந்தது, பிறகு நின்றது. தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய ரேடியோவை அண்ணாந்து பார்த்தார். எழுந்து அதன் சத்தத்தைக் குறைத்தார்.

"மீதிக் கட்டுரை படிச்சீங்களாண்ணே?"

"மை பூசாத எடத்துல என்னா இருக்கப்போவுது?"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆர்டர் வரும். மையை எவ்வளவு கெட்டியாகக் கலக்க வேண்டும் என்று எந்த ஆர்டரிலும் இருக்காது.