வுயிசிலேயின் உயிர் மண்

வுயிசிலே முதலில் வண்ண மீன் வளர்த்தான். மீன்கள் மிதந்த பிறகு ரொட்டிக்குப் புளிமாவு வளர்த்தான். அது நாறிப்போன பிறகுதான் கஞ்சாவுக்கு வந்தான். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் வண்டி உரிமம் புதுப்பிக்கும் சன்னலுக்குப் பின்னால் பகலெல்லாம் திட்டு வாங்குகிற மனிதனுக்கு, மாலையில் எதிலாவது நிபுணனாக இருந்தே தீர வேண்டியிருந்தது.

சொந்தத்துக்கு வீட்டில் வளர்ப்பதை அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. பின்னறையில் வெள்ளித்துணிக் கூடாரம் ஒன்றை நிறுத்தினான். அதற்குள் ஒரே ஒரு செடி. விதை வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. ஆனால் செடியைவிட மண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினான். மண்புழு உரம், கடற்பாசித் தூள், வௌவால் எச்சம் எல்லாவற்றையும் கிளறி ‘உயிர் மண்’ என்று பெயர் வைத்து, வெல்லப்பாகு கரைத்து ஊற்றினான். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒருநாளும் கேட்டறியாதவன், காலையில் எழுந்ததும் தொட்டிக்குள் விரலை விட்டு மண்ணுக்குப் பசிக்கிறதா என்று பார்த்தான்.

இத்தனைக்கும் அவன் பிறந்தது லுசிகிசிகி என்ற சிற்றூருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில். அங்கே இந்தச் செடி ஆட்டுப்பட்டி ஓரத்தில் ஆள் உயரம் நிற்கும். அதை விற்றுத்தான் அவன் அப்பா அவனுக்குப் பள்ளிச் சீருடை வாங்கினார். நகரத்தில் யார் கேட்டாலும் அப்பா சோளம் போட்டார் என்பான். மலைச்சரக்கு என்றால் முகம் சுளிப்பான். அது வெறும் விதையும் குச்சியும், நாகரிகமே இல்லாதது என்பான்.

அவன் கண் முழுவதும் கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் நவம்பர் கண்காட்சிமேல் இருந்தது. சங்கத்தில் பல் மருத்துவர் க்ளைவின் மேசைதான் மேசை. பூவைப் பிரித்துப் பார்த்துத் தரம் சொல்பவர் அவர். வுயிசிலே சேர்ந்த நாளிலிருந்து கதவோரப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அந்த மேசையில் ஓர் இடம் கிடைத்தால் போதும், பிறவிப்பயன் அடைந்துவிடுவான்.

செப்டம்பரில் செடி மொட்டு வைத்தபோது மாலை மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. அவன் மனைவி நோபண்டு புவியியல் ஆசிரியை. மேசை நிறையத் தேர்வுத்தாள்கள். தலைமையாசிரியர் கெடு வைத்திருந்தார். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, கூடாரத்துக்கு மட்டும். மாலையில் கூடார விளக்கு அணைந்திருக்கும். செடிக்குக் காற்றாடி மட்டும் ஓடும். ஒரு பல்புக்காவது இணைப்புக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள்.

"அது செடிக்குன்னு கணக்குப் பண்ணி வாங்கினது, மாட்லோமோ," என்றான் அவளுடைய குலப்பெயரைச் சொல்லி. "நீ மெழுகுவத்தி ஏத்திக்கோயேன். அந்த ரூம் பக்கம் மட்டும் வெளிச்சம் போயிடக் கூடாது. பூக்குற நேரத்துல இருட்டு கலைஞ்சா பூவுல விதை பிடிச்சுக் கெட்டுடும். அது தூங்குது."

"அது தூங்குது, ஞாவுசா. நான்தான் முழிச்சிருக்கேன்," என்றாள், அவன் குலப்பெயரைத் திருப்பிப் போட்டு.

அவன் சங்கத்துக்குப் போகிற மாலைகளில் நோபண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். விளக்கைப் போட்டாள். அற்புதமான வெளிச்சம், ஆறுகளைக் கடலிலிருந்து மலைக்கு ஓடவிட்ட பிள்ளைகளெல்லாம் பளிச்சென்று அகப்பட்டார்கள். தாள்கள் தீரும்வரை செடிக்குத் தூக்கமில்லை.

பூக்கள் வீங்கின. வுயிசிலே அண்டை வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினான். மண் பேசுகிறது என்றான்.

கண்காட்சியில் க்ளைவ் அந்தப் பூவைப் பிரித்தார். வெள்ளைத் தட்டில் டக்கென்று ஒரு விதை விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பிடி.

"வுயி, இதை எந்த மலையில பிடுங்கினே?" என்றார்.

மேசை முழுவதும் சிரித்தது. கையில் பலகாரத் தட்டோடு நின்ற நோபண்டு தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அது வெளிறியது, பிறகு, அவளே எதிர்பாராதபடி, நிமிர்ந்தது.

"லுசிகிசிகி," என்றான். "எங்கப்பா வழி விதை, க்ளைவ். வேணும்னேதான் விதை பிடிக்க விட்டேன். இந்த வம்சம் அழிஞ்சுடக் கூடாது பாருங்க."

சிரிப்பு நின்றது. மண்ணுக்கும் விதைக்கும் கப்பல் கட்டணம் கட்டியே ஓய்ந்தவர்கள் அந்த விதைக்கு உள்ளங்கையை நீட்டினார்கள். அடுத்த பருவத்திலும் கட்டாயம் தருவதாக வுயிசிலே வாக்குக் கொடுத்தான். க்ளைவ் ஒரு நாற்காலியைத் தன் மேசைக்கு இழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில், "உங்கப்பா சோளம்தானே போட்டார்?" என்றாள் நோபண்டு. விளக்கு விஷயத்தையும் சொன்னாள்.  அவன் திட்டவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்துவிட்ட மனிதனுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த செடி மொட்டு வைத்த வாரம் மின்சாரம் போனது. வுயிசிலே அவளுடைய நாற்காலியைத் தானே தூக்கிப்போய்க் கூடாரத்துக்குள் வைத்துத் துடைத்தான். வாக்குக் கொடுத்த விதைக்காக விளக்கை அவனே போட்டிருக்கலாம். ஆனால் செடியின் தூக்கத்தைக் கெடுத்தது தன் கையாக இருக்கக் கூடாது.

"திருத்த ஒண்ணும் இல்லையா, மாட்லோமோ? வாயேன், இங்க வெளிச்சமா இருக்கும்."

நோபண்டு சமையலறையில் மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"அது தூங்கட்டும், ஞாவுசா," என்றாள்.