துரைராசு டிரைவர் போட்ட மூன்று நாட்கள்

துரைராசுவைப் பற்றி எழுத அரைப் பக்கம் போதும். அதிலும் பாதி அவனுடைய மீசைக்குப் போய்விடும். ஆனாலும் எழுதுகிறேன், மனசு ஆறவில்லை. பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர், அவன் கம்ப்யூட்டர் ஆள். ஒரே தகரக் கொட்டகையில் ஐந்து வருஷம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

கும்பகோணத்தில் ஆறு மாத கோர்ஸ் படித்தான். அதில் நாலு மாதம் சென்டரே பூட்டிக் கிடந்தது என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பிறகு கட்சி மாநாட்டுக்குக் கொடி கட்டினான், தேர்தலில் பூத் சிலிப் கொடுத்தான். அதற்குக் கைமாறாக, ஒன்றியத்தில் செல்வாக்குள்ள மிராசுதார் நடராசன் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு இங்கே வந்து ஒட்டிக்கொண்டான். சட்டைப் பையில் தலைவர் படம், வாயில் பகுத்தறிவு, கழுத்தில் ஐடி கார்டு. குளிக்கும்போதாவது அந்தக் கார்டைக் கழற்றுவானா என்று சுமைதூக்கும் ஆட்களுக்குள் ஒரு பந்தயமே இருந்தது.

அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, டிரைவர் போடுவது. வெளியிலிருந்து ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால், அது இன்ன கருவி என்று கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதுதான் டிரைவர். இவ்வளவு எனக்கே தெரியும். துரைராசுவுக்கும் இவ்வளவுதான் தெரியும். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் டிரைவர் போடுவான், கரண்ட் போய் வந்தாலும் டிரைவர் போடுவான். ஒரு தடவை கீபோர்டு ஒயரை எலி கடித்துத் துண்டாக்கிவிட்டது. துண்டு ஒயர் மேசையில் தொங்கிக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் டிரைவர் போட்டான்.

அந்த வருஷம் குறுவைக்கு, விவசாயி விரல் வைத்தால்தான் நெல் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு கைரேகைக் கருவியும் வந்தது. புரட்டாசிக் கடைசியில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. மற்றவர்கள் செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லி நெல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். பிரகதாம்பாள் என்ற விவசாயி அம்மாளுக்கு அந்த வழி இல்லை. அவருடைய ஆதாரில் இருந்தது இறந்துபோன புருஷனின் நம்பர், அது எப்போதோ ரத்தாகிவிட்டது. விரல் ஒன்றுதான் அவருக்கு வழி.

அந்த விரலை வைக்கும் தகுதிக்காக அவர் நான்கு மாதம் நடந்திருந்தார். அவர் சாகுபடி செய்தது நடராசனின் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், மாமனார் காலத்துக் குத்தகை. எழுத்தில் எதுவும் கிடையாது. நெல்லை நில உடைமைக்காரர் பெயரிலேயே போட்டுவிடுவது இந்தப் பக்கத்துப் பாதிக் குத்தகைக்காரர்களின் வழக்கம், பிரகதாம்பாள் குடும்பமும் அப்படித்தான் போட்டு வந்தது. நடராசனுக்கு நிலத்தை மனைக்கட்டாகப் பிரிக்கும் ஆசை வந்ததும் பேச்சை மாற்றினார். இவள் குத்தகைக்காரி இல்லை, கூலிக்காரி, உழுவது நான்தான் என்று நிலத்துக்கான வழக்கில் சொன்னார். அடுத்த மாதம் விசாரணை. பிரகதாம்பாள் பெயரில் நெல் போட்ட ரசீது ஒன்று இருந்தால் போதும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். கிராம அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பயிர் செய்வது தான்தான் என்று காட்டும் அடங்கலைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, அறுபத்திரண்டு மூட்டை நெல்லோடு வந்து நின்றார்.

முதல் நாள் துரைராசு கருவியைச் செருகினான். விளக்கு எரிந்தது, விரல் வைத்ததும் அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது.

"ரேகையே இல்லியேம்மா உங்களுக்கு. எல்லாம் தேஞ்சுபோச்சு" என்றான், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

"நாத்துப் பறிச்ச கை தம்பி. ஆனா ரேசன் கடையில எடுக்குதே."

"அது வேற டிரைவரும்மா."

அந்த அம்மாள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறையவில்லை.

இரண்டாம் நாள் பழைய டிரைவரை அழித்தான், புதிய டிரைவரை இறக்கினான், கம்ப்யூட்டரை ஏழு தடவை அணைத்துப் போட்டான். முன்பக்கத் துளையில் செருகினான், பின்பக்கத் துளையில் செருகினான். செல்போனில் இந்தி வீடியோ ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு சொல் புரியாமல், புரிந்த மாதிரி தலையை ஆட்டினான். திரையில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி வந்தால் "வந்துருச்சு" என்பான், போனால் "போயிருச்சு" என்பான். அவன் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. "நெல்லு நனைஞ்சுரும்மா. எடை போட்டுக் கட்டிருவோம், விரலை நாளைக்கு வைங்க" என்றான். அந்த அம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் காலையிலேயே வந்துவிட்டார். துரைராசு வழக்கம்போல ஒயரைப் பிடுங்கினான். "தம்பி, கொஞ்சம் காட்டுங்க. அந்த முனைக்குள்ள மஞ்சளா என்ன இருக்கு?" என்று கேட்டார். அவன் சொல்வதற்குள் ஒயரை வாங்கி, கொண்டை ஊசியால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது, நடுவில் குங்குமத்தோடு.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. பகுத்தறிவாளர் துரைராசு எல்லா ஒயரையும் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, ஒவ்வொரு ஒயரின் இரும்பு முனைக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறான். மூன்று நாளாக அந்த முனையை நூறு தடவை கையில் பிடித்தவன், ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

செருகியதும் விளக்கு நின்று எரிந்தது. பிரகதாம்பாள் விரலை வைத்தார். முதல் தடவையிலேயே ரேகை பதிந்து, பெயரும் படமும் திரையில் வந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சர்வே எண்ணை அடித்தோம். 'இந்த எண்ணுக்குக் கொள்முதல் முடிந்தது' என்று வந்தது. தேதி நேற்று. பெயர் நடராசன்.

நான் துரைராசுவைப் பார்த்தேன்.

"பதிவில்லாம மூட்டையைக் கட்டக் கூடாதுல்ல சார். பட்டா அவரு பேருலதானே இருக்கு. போன் பண்ணி ஓடிபி வாங்கிப் போட்டேன்" என்றான். "யாரு பேருல ஏறுனா என்ன? நெல்லு நனையாம உள்ள போச்சுல்ல."

சூழ்ச்சிக்காரன் என்று அவனைச் சொன்னால் அது அவனுக்குக் கௌரவம். சூழ்ச்சிக்கு மூளை வேண்டும். அவனுக்கு ஒரு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொம்பளையின் நிலம் போவது அவனுக்கு ஒரு பட்டனைத் தட்டுவது.

பிரகதாம்பாள் அழவில்லை. என் மேசைக்கு வந்தார். "சார், இது என் வயல்ல விளைஞ்ச நெல்லு, நான்தான் கொண்டாந்தேன். மூணு நாளா பாத்தீங்க. அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நேற்றைய பட்டியல் என் முன்னால்தான் இருந்தது. நடராசன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டிருந்தவன் நான், படித்துப் பார்க்காமல். இப்போது அந்த அம்மாளுக்கு எழுதிக் கொடுத்தால் அது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். விளக்கம் கேட்பார்கள், நடராசன் போன் செய்வார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

"மேல கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது சார். அதனால அவரு மேல எனக்குக் கோவம் வரலை. உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்குகளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

துரைராசு இப்போது ஆறு நிலையங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். கருவி கோளாறானால் சரி செய்வது எப்படி என்பதுதான் பாடம். விசாரணையில் நடராசனின் வக்கீல் கொள்முதல் ரசீதை நீட்டினாராம். பிரகதாம்பாளிடம் நீட்ட எதுவும் இல்லை. யாருடைய கையெழுத்து இது என்று கேட்டதும், என் பெயரை வாசிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை என்று சொன்னார்கள். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.